சுங்குடிப் புடவை அனுப்ப எந்தப் பார்சல் கணக்கு எடுப்பது?

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை என் கூரியர் வாலட்டை, அதாவது பார்சல் கட்டணத்துக்கு முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் கணக்கைத் திறந்தால் 2,867 ரூபாய் குறைந்திருந்தது. முந்தின ராத்திரி புது ஆர்டர் எதுவும் புக் செய்யவில்லை. உள்ளே போய்த் தேடியபோது 27 பார்சல்களுக்கு எதிரில் 'எடை வித்தியாசம்' என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் 106 ரூபாய் 20 காசு எடுத்திருந்தார்கள். ஆட்சேபணை சொல்ல 7 நாள் கெடுவாம். ஆடி ஆர்டர் நெரிசலில் அந்த மெயிலை நான் பார்க்கவே இல்லை, கெடு முந்தின நாளே முடிந்துபோயிருந்தது. ஏறக்குறைய பத்துப் புடவையின் லாபம் அது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

நான் வீட்டிலிருந்தே மதுரை சுங்குடிப் புடவைகள் விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் தொடங்கி, அப்புறம் சின்னதாக ஒரு வெப்சைட் போட்டு, மூன்று வருடமாக மாதம் 60, 65 பார்சல் போகிறது. என்னை மாதிரியே வீட்டிலிருந்து கடை நடத்தும் தங்கைகள் நிறையப் பேர் "அக்கா, பார்சல் அனுப்ப எந்தக் கணக்கு எடுக்கலாம், எதில் ரேட் கம்மி?" என்று மெசேஜ் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். ரேட்டை மட்டும் பார்த்து கணக்கு எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். உங்கள் பார்சல் எந்த ஊருக்குப் போகிறது, பேக் செய்தபின் எவ்வளவு எடை, திரும்பி வந்தால் யார் காசு, உங்கள் பணம் அவர்களிடம் எத்தனை நாள் நிற்கிறது, இந்த நாலையும் உங்கள் சொந்த நோட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். அதன் பிறகு எந்தக் கணக்கு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் அந்த 106 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். என் புடவை ஜாக்கெட் துணியோடு 430 கிராம். எனவே கூரியர் தளத்தில் 500 கிராம் என்று பதிந்தேன். ஆனால் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினேன். பெட்டி 120 கிராம், மொத்தம் 550. அதோடு போகவில்லை. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பார்சல் வண்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை (சில நிறுவனங்கள் இன்னும் சிறிய எண்ணால் வகுப்பார்கள், அப்போது எடை கூடும்). என் பெட்டி 30, 24, 8. பெருக்கினால் 5760, வகுத்தால் 1.15 கிலோ. நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு, அதுவும் 500 கிராம் அடுக்கு அடுக்காக. ஆக 1.5 கிலோவுக்கு பில். கூடுதலாக இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 45 ரூபாய், மேலே 18% ஜி.எஸ்.டி.

அன்று சாயங்காலமே பெட்டியை விட்டுவிட்டேன். இப்போது புடவையை ஒரு சின்ன மஞ்சப்பையில் போட்டு, அதை பிளாஸ்டிக் கூரியர் கவரில் வைத்து ஒட்டுகிறோம். மஞ்சப்பை 30 கிராம், கவர் 15 கிராம், மொத்தம் 475. இதில் ஒரு சிக்கல் இருந்தது. சுங்குடிக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள், கடையிலிருந்து வரும்போது மொறமொறவென்று விறைப்பாக இருக்கும், மடிப்புக்குள் காற்று நின்று பார்சல் உப்பிக்கொள்ளும். என் மாமியார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் நாள் ராத்திரியே புடவைகளை 30க்கு 25 என்ற அளவில் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை வைத்து, அதன்மேல் அரிசி டின்னைத் தூக்கி வைத்துவிடுவார். காலையில் எடுத்தால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு அமுங்கியிருக்கும். 30, 25, 3 பெருக்கினால் 2250, வகுத்தால் 450 கிராம். இரண்டு கணக்கிலும் 500க்குள் நிற்கிறது. கவரை ஒட்டியதும் எடை இயந்திரத்தில் வைத்து, ஸ்கேலையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன். எடைத் தகராறு வந்தால் அந்தப் போட்டோதான் பேசும். 800 ரூபாய்க்கு வாங்கிய எடை இயந்திரம், இந்தத் தொழிலில் நான் செய்த நல்ல செலவு அதுதான்.

சரி, கணக்கு விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைப் போன்ற சிறு கடைக்கு மூன்று வழி இருக்கிறது. பல கூரியர்களை ஒரே தளத்தில் தரும் அக்ரிகேட்டர் கணக்கு ஒன்று. ஊரில் உள்ள கூரியர் கிளையோடு நேரடியாகப் பேசி வைத்துக்கொள்ளும் மாதக் கணக்கு இன்னொன்று. மூன்றாவது இந்தியா போஸ்ட்.

எல்லோரும் அக்ரிகேட்டரில்தான் தொடங்குகிறோம், காரணம் அது சுலபம். பான் கார்டு, வங்கி விவரம் கொடுத்து வாலட்டில் 500 ரூபாய் போட்டால் அரை மணி நேரத்தில் முதல் பார்சல் புக் ஆகிவிடும், ஆளும் வீட்டுக்கே வந்து எடுத்துப்போவார். காட்டப்படும் விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 58 ரூபாய் என்று பெரிய எழுத்தில் இருக்கும், 18% சேர்த்தால் 68 ரூபாய் 44 காசு. மாதம் 60 பார்சலுக்கு இந்த வித்தியாசம் மட்டும் 600 ரூபாய்க்கு மேல். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, திரும்ப எடுக்கலாம், அதற்கு பில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு வர வேண்டும். பதிவு இல்லாதவர்களுக்கு அது நேரடியாகக் கையை விட்டுப் போகும் காசு.

என்னை உண்மையில் அடித்தது கேஷ் ஆன் டெலிவரி (சி.ஓ.டி.), பார்சல் கைக்கு வந்ததும் வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் முறை. அந்த ஆடி மாதம் போன 64 பார்சலில் 22 சி.ஓ.டி. அதில் 6 திரும்பி வந்தன. போன செலவும் நம்முடையது, வந்த செலவும் நம்முடையது. மீதி 16 புடவைக்கான பணம், சராசரி 1,150 ரூபாய் வீதம் 18,400, டெலிவரி ஆன பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் அவர்களிடமே நின்றது. சீக்கிரம் வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டணம். எனக்குப் புடவை கொடுப்பவர் சனிக்கிழமை தோறும் ரொக்கம் எதிர்பார்ப்பவர். கடன் சொல்லவும் முடியாது, சொல்லவும் எனக்கு மனசு வராது, அவரும் சாயம் தோய்ப்பவர்களுக்கும் முடிச்சுப் போடும் பெண்களுக்கும் அந்த வாரமே கூலி கொடுக்க வேண்டும். என் 18,400 ரூபாய் எங்கோ ஒரு கணக்கில் நின்றால் இங்கே நாலு வீட்டுக்குக் கூலி தள்ளிப்போகிறது.

பார்சல் திரும்பி வந்த ஆறு பேருக்கும் போன் செய்தேன். இரண்டு பேர் மனம் மாறிவிட்டவர்கள், அது அவர்கள் உரிமை. ஒருவர் போனை எடுக்கவில்லை. மற்ற மூவரும் "எங்களுக்கு யாரும் போனே பண்ணலையே அக்கா" என்றார்கள். தளத்தில் மூன்றுக்கும் 'வாடிக்கையாளர் அழைப்பை ஏற்கவில்லை' என்று பதிவாகியிருந்தது. அந்த மூவரில் ஒருவர் வால்பாறையில் எஸ்டேட் பள்ளி ஆசிரியை. அவருக்கு மட்டும் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, பார்சல் பொள்ளாச்சி அலுவலகத்தில் இருக்கிறது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், 40 கொண்டை ஊசி வளைவு. ஒரு புடவைக்காக யார் இறங்கி வருவார்கள்? புக் செய்யும்போது அந்தப் பின்கோடுக்கு டெலிவரி உண்டு என்று பச்சை டிக் காட்டியது. நான் அதை நம்பினேன், அவர் என்னை நம்பினார்.

அவருக்கு மறுபடியும் அந்தப் புடவையை என் செலவில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். வால்பாறை அஞ்சலகத்திலிருந்து தபால்காரர் பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஆசிரியை அன்று மதிய இடைவேளையில் புடவையைப் பிரித்து ஸ்டாஃப் ரூம் மேசையில் விரித்து ஒரு போட்டோ அனுப்பினார். அடர் கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி. அந்தப் போட்டோவுக்குப் பிறகு அந்த ஒரே பள்ளியிலிருந்து ஐந்து ஆர்டர்.

அந்த வாரம்தான் நோட்டை எடுத்து உட்கார்ந்து மூன்று மாதக் கணக்கைப் பின்கோடு வாரியாகப் பிரித்தேன். சும்மா ஊர்ப் பெயரைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, பின்கோடாகப் பார்த்தால் வழி தெரியும். ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா அல்லது லட்சத்தீவு. என் பார்சலில் மூன்றில் இரண்டு பங்கு 6இல் தொடங்கின, அதிலும் பாதிக்கு மேல் பெருநகரம் இல்லாத ஊர்கள். மீதி பெரும்பாலும் பெங்களூர், மும்பை தாராவி, சயான் பக்கம். மாதம் மூன்று நாலு அந்தமான். கூரியர்களின் விலை உள்ளூர், மாநிலத்துக்குள், பெருநகரம், மற்ற இடங்கள், வடகிழக்கும் காஷ்மீரும் என்று மண்டலமாகப் பிரிந்திருக்கும், தீவுகள் பெரும்பாலும் விலை உச்சத்தில் இருக்கும் மண்டலம். டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் நல்ல விலை தரும் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நான் வாடிப்பட்டிக்கும் முதுகுளத்தூருக்கும் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் தலைமை அஞ்சலகத்துக்குப் போய் வியாபாரக் கணக்கு பற்றிக் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர், "மாசம் எத்தனை ஆர்ட்டிகிள் போகும்மா?" என்றார். அறுபது என்றேன். "அறுபதா, அப்போ முதல்ல அட்வான்ஸ் கட்டி ஆரம்பிங்க, பி.என்.பி.எல். இப்போ வேண்டாம்" என்றார். அவர் சொன்னதை நான் அப்படியே உங்களுக்கும் சொல்வேன். பி.என்.பி.எல். என்பது இப்போது அனுப்பி மாதக் கடைசியில் பில் கட்டும் ஒப்பந்தம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு வங்கி உத்தரவாதமோ வைப்புத் தொகையோ கேட்பார்கள். நம் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை உத்தரவாதமாகப் போட்டுவிட்டுக் கடனில் பார்சல் அனுப்புவதில் நமக்கு என்ன லாபம்? முன்பணக் கணக்கில் நாம் கட்டியதிலிருந்து கழிந்துகொண்டே வரும், தீர்ந்தால் மறுபடி போடலாம். மாதம் சில நூறு பார்சல் நிலையாகப் போகும் கடைக்கு, அதுவும் வருமானம் தாமதமாக வரும் கடைக்கு பி.என்.பி.எல். நல்ல ஏற்பாடு. எனக்கு இன்னும் அந்த அளவு வரவில்லை.

ஒப்பந்த வாடிக்கையாளர் ஆனதும் நம் பெயருக்கு ஒரு வாடிக்கையாளர் எண்ணும் பார்கோடு வரிசையும் வரும். வீட்டிலேயே ஒட்டி, முகவரிகளை எக்செல்லில் போட்டுக் கொடுத்துவிட்டால் கவுண்டரில் ஒவ்வொரு பார்சலுக்கும் பின்கோடு சொல்லி நிற்க வேண்டியதில்லை. பார்கோடில் இருக்கும் எண் 13 எழுத்து கொண்டது, முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் முதல் எட்டிலிருந்து கணக்குப் போட்டு வருவது, எண்ணைத் தப்பாக அடித்தால் கண்டுபிடிப்பதற்காக. எனவே வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது கையால் அடிக்காமல் காப்பி செய்து போடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் டிராக்கிங் எதுவும் காட்டாது, அவர்கள் பயந்துவிடுவார்கள்.

இன்னொன்று, இப்போது நிறையப் பேர் குழம்புகிற இடம். 2025 செப்டம்பர் 1 முதல் ரிஜிஸ்டர் தபால் தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். முகவரிதாரர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஸ்பீட் போஸ்ட்டிலேயே 5 ரூபாயும் வரியும் கூடுதலாகக் கட்டிப் பதிவு செய்யலாம். ஓ.டி.பி. சொன்னால்தான் டெலிவரி என்பதற்கும் அதே 5 ரூபாயும் வரியும். 2,500 ரூபாய்க்கு மேல் போகும் புடவைகளுக்கு நான் ஓ.டி.பி. போடுகிறேன், 5 ரூபாய் 90 காசில் எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது. அதே வருடம் அக்டோபர் 1 முதல் கட்டணமும் மாறியது. இணையத்தில் சுற்றும் அட்டவணையில் 50 கிராம் வரை உள்ளூருக்கு 19, வெளியூருக்கு 47 என்று இருக்கும், 500 கிராம் வரை 200 கிலோமீட்டருக்குள் 70, 2000 கிலோமீட்டர் தாண்டினால் 93. அது டாக்குமெண்டுகளுக்கான விலை. புடவை பார்சல் கணக்கில் வரும், அதற்கு அட்டவணை வேறு. கவுண்டரில் பார்சல் விலையைத் தனியாகக் கேட்டு, வரியோடு எழுதி வாங்கிக்கொண்டு வந்த பிறகு மற்ற கணக்குகளோடு ஒப்பிடுங்கள். புதிதாகச் சேரும், மொத்தமாக அனுப்பும் வாடிக்கையாளர்களுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் 5% தள்ளுபடி உண்டு என்றும் அப்போதே அறிவித்தார்கள், அதையும் மறக்காமல் கேளுங்கள்.

புத்தகம் விற்பவர்களுக்கு வேறு கணக்கு. திண்டுக்கல்லில் என் தோழி ஒருத்தி இணையத்தில் புத்தகம் விற்கிறாள், பழைய புக் போஸ்ட் பதிவுச் சேவை நின்றபோது நொந்துபோனாள். 2025 மே 1 முதல் இந்தியா போஸ்ட்டில் புத்தகங்களுக்கென்று ஞான் போஸ்ட் வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனாலும் 100 ரூபாய், வரி தனி, டிராக்கிங் உண்டு. தரைவழிதான், கொஞ்சம் மெதுவாகப் போகும். விளம்பரம் உள்ளதும் வணிக நோக்கத்தில் அச்சிட்டதும் போகாது, புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகம் பெயர் இருக்க வேண்டும். புத்தகக் கடைக்காரர்கள் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஊர் கூரியர் மாதக் கணக்கு பற்றி. தமிழ்நாட்டுக்குள் மறுநாள் போய்ச் சேர வேண்டும் என்றால் எஸ்.டி. கூரியர், புரொஃபஷனல் கூரியர் மாதிரி ஊருக்கு ஊர் கிளை உள்ளவர்களை விட்டால் சிறு கடைக்கு எளிதான வழி குறைவு. கிளையில் நேரில் போய்ப் பேசி, மாநிலத்துக்குள் இந்த எடைக்கு இந்த விலை என்று முடிவு செய்துகொள்ளலாம், மாதம் ஒருமுறை கட்டலாம். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கிளை நடத்துபவர் மாறினால் பேச்சு மாறிவிடும். எனக்கு ஒரு கிளையில் அப்படி நடந்தது, ஒப்புக்கொண்ட விலை ஒரே மாதத்தில் 15 ரூபாய் ஏறிவிட்டது, காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்போது வைத்திருக்கும் கிளையில் விலையை அவர்கள் லெட்டர்பேடில் எழுதி சீல் போட்டுத் தந்திருக்கிறார்கள். அங்கிருக்கும் அண்ணன் எந்தப் பின்கோடுக்கு வீட்டு டெலிவரி, எதற்கு அலுவலகத்தில் வந்து வாங்க வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார். அந்தத் தகவல் எந்தப் பச்சை டிக்கிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆக இப்போது என் ஏற்பாடு இது. மதுரை, சென்னை, கோவை, திருச்சி மாதிரி ஊர்களுக்கு ஊர் கூரியர். கிராமம், மலை, அந்தமான், தாராவி எல்லாம் ஸ்பீட் போஸ்ட் முன்பணக் கணக்கு. பெங்களூரில் மறுவிற்பனை செய்யும் ஒரு அக்காவுக்கு மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு புடவை சேர்த்து, அவசரம் இல்லாததால் அஞ்சல் துறையின் ஒப்பந்தப் பார்சலில் தரைவழியாக அனுப்புகிறேன், முன்பு பிசினஸ் பார்சல் என்பார்களே, அது. அக்ரிகேட்டர் கணக்கை மூடவில்லை, வட இந்திய ஆர்டர் வரும்போது மட்டும் வாலட்டில் காசு போடுகிறேன், முன்கூட்டியே ஏற்றி வைப்பதில்லை. ஒரே கணக்கை நம்பி இருக்காதீர்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சுங்க விதியை மாற்றியதும் இந்தியா போஸ்ட் 25ஆம் தேதி முதல் அங்கே போகும் பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் 15இல்தான் மறுபடி தொடங்கியது. யார் தப்பும் இல்லை, ஆனால் தீபாவளிக்கு முந்தைய ஏழு வாரம். எனக்கு அமெரிக்க ஆர்டர் ஒன்றிரண்டுதான், அதையே முழு வியாபாரமாக வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சி.ஓ.டி.யை நிறுத்திவிட்டேன். ஆர்டர் குறையும் என்று பயந்தேன், முதல் மாதம் குறைந்தது, 64 இருந்தது 49 ஆனது. இரண்டாம் மாதம் 57. யு.பி.ஐ.யில் முன்பணம் கட்டத் தயங்குகிறவர்களுக்கு வீடியோ காலில் புடவையைப் பிரித்துக் காட்டுகிறேன், முந்தானை, பார்டர், ஜாக்கெட் துணி எல்லாம். அதற்குப் பிறகு திரும்பி வந்த பார்சல் மொத்தம் இரண்டு, இரண்டும் முகவரி தவறு.

கணக்கு எடுக்கப் போகிறவர்கள் பான், முகவரிச் சான்று, ஜி.எஸ்.டி. இருந்தால் அதன் சான்றிதழ், கடைப் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், இதோடு மூன்று மாதப் பின்கோடு கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் பேசும் விதமே மாறும், எனக்கு அஞ்சலகத்திலும் சரி, கூரியர் கிளையிலும் சரி, அதுதான் நடந்தது. உங்கள் பொருளின் எடையும் பின்கோடுகளும் கமெண்டில் போட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இன்றைக்கு ஒன்பது பார்சல் இருக்கிறது, அரிசி டின்னை இறக்கிவிட்டு மாமியார் கூப்பிடுகிறார்.